ஆத்தாவுக்கு உதடும் கன்னமும் வீங்கியிருக்கு: பல்லா, நண்டா, வேற ஏதாவதா? எப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

பள்ளத்தூரான்:

வணக்கம். ஆத்தாவுக்கு வயசு 68, பள்ளத்தூர்ல தனியா இருக்காங்க. சமையலுக்கு ஒரு அம்மா பகல்ல மட்டும் வந்துட்டுப் போறாங்க. நான் சிங்கப்பூர்ல. பிபி, சுகர் ரெண்டுக்கும் மாத்திரை ஓடுது.

இன்னைக்குக் காலையில வீடியோ கால்ல பார்த்தா மேலுதடு தடிச்சு, இடது கன்னம் வரைக்கும் உப்பியிருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. போன மாசமும் ஒரு தடவை இப்படி வந்து ரெண்டு நாள்ல தானா வடிஞ்சுதாம், என்கிட்ட சொல்லவே இல்லை. நேத்து மதியம் நண்டுக் குழம்பு வச்சதால அலர்ஜின்னு சமையல்கார அம்மா சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி, "இது கடைவாய்ப் பல்லுதான், வெளியில நல்லா ஒத்தடம் குடு"ங்கிறாங்க. கடையில செட்டிரிசின்னு அலர்ஜி மாத்திரை வாங்கி ஒண்ணு குடுத்தாச்சு, மூணு மணி நேரமாகியும் மாற்றமில்லை.

இப்பவே கிளம்பணுமா, நாளைக்குப் பார்க்கலாமா? எதனாலன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

அவசரசிகிச்சை_டாக்டர்:

தம்பி, காரணம் அப்புறம். முதல்ல மூச்சுப்பாதை. திரும்ப வீடியோ கால் போடுங்க. ஆத்தாவை இருட்டு அறையில வச்சுப் பார்க்காதீங்க, வளவு முற்றத்துல வெளிச்சத்துல உட்கார வைங்க. நாக்கை முழுசா நீட்டச் சொல்லுங்க: ஒரு பக்கம் தடிச்சிருக்கா, நீட்ட முடியுதா? ஒரே மூச்சில் ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் சத்தமா எண்ணச் சொல்லுங்க: நடுவுல மூச்சு வாங்குதா, குரல் கம்முதா, வழக்கத்தைவிடக் கொழகொழன்னு இருக்கா? ஒரு மடக்குத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க: விழுங்க முடியுதா, எச்சில் வழியுதா? மூச்சை உள்ள இழுக்கும்போது கீச்சுன்னு சத்தம் வருதான்னு காதுகொடுத்துக் கேளுங்க.

இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே 108. காருக்கு ஆள் தேடாதீங்க. வண்டி வர்ற வரைக்கும் நிமிர்ந்து உட்கார வைங்க, மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, வாய் வழியா இனி எதுவும் வேண்டாம். பொய்ப்பல் செட் இருந்தா இப்பவே கழட்டிடுங்க. வீக்கம் இன்னும் பரவினா அப்புறம் கழட்டுறது கஷ்டம். வீங்குற பக்கம் மூக்குத்தி இருந்தா அதையும்.

நாக்கும் குரலும் நல்லா இருந்தாலும், உதட்டுவீக்கம் தொடங்கி ஒரு நாள் முழுசா ஆகாத வரைக்கும் வீட்டுல விடறது சரியில்லை, அதுவும் ராத்திரி தனியா இருக்கிறவங்களை. இன்னைக்கே போகணும். காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தனியார் மருத்துவமனைக்குப் போறதா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு மயக்க மருந்து டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. தொண்டை அடைச்சா குழாய் போட ஆள் வேணும், அதுக்காகத்தான்.

மருந்தாளுநர்_தேவகோட்டை:

டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டு, ஒரு வேலை பாருங்கள். ஆத்தாவின் மாத்திரை டப்பாவை கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கம் அச்சிட்ட பெயர் முக்கியம். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்பது போதாது.

எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று எதுவாவது இருக்கிறதா? நீங்கள் சொன்ன அத்தனையும் (வலி இல்லை, அரிப்பு இல்லை, உதட்டில் தொடங்கியது, இரண்டு நாளில் வடிந்தது, மறுபடி வந்தது, செட்டிரிசினுக்கு அசையவில்லை) அந்த வகை பிபி மாத்திரையால் வரும் வீக்கத்தோடு பொருந்துகிறது. சாப்பிடுகிற ஆயிரம் பேரில் சிலருக்குத்தான் வரும். ஆனால் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் நிறைய.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "மூணு வருஷமா அதே மாத்திரைதானே, புதுசா என்ன" என்பார்கள். முதல் வாரத்திலும் வரலாம், வருடக்கணக்காக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்றும் வரலாம். தினமும் சாப்பிட்டாலும் வீக்கம் தினமும் வராது. அதனால்தான் அன்றைக்குச் சாப்பிட்ட நண்டின் மேல் பழி விழுகிறது.

காரணம் இதுதான்: உடம்பில் பிராடிகினின் என்றொரு பொருள் சுரந்து, வேலை முடிந்ததும் ஒரு நொதியால் சிதைந்துபோகும். இந்த மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது. பிராடிகினின் தேங்கினால் சின்ன ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து உதடு, நாக்கு, தொண்டையில் ஊறும். அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை. அதனால் அவில், செட்டிரிசின், ஸ்டீராய்டு ஊசி எதற்கும் இந்த வீக்கம் சரியாகக் கட்டுப்படாது. ஊசி போட்டும் வடியவில்லை என்று இன்னொரு ஊசிக்கு அலைவதில்தான் நேரம் போகும்.

வறட்டு இருமலும் சேர்ந்து இருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரை கூட ஓடினால் வாய்ப்பு இன்னும் கூடும். பல்வலி, முட்டிவலி என்று டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவற்றாலும் உதடும் இமையும் வீங்கும்.

பள்ளத்தூரான்:

பார்த்துட்டேன். நாக்கு நல்லா இருக்கு, இருபது வரைக்கும் ஒரே மூச்சுல எண்ணிட்டாங்க. அட்டையில எனலாப்ரில் 5 மி.கி., மெட்ஃபார்மின் 500. வீட்டுக்கே வந்து குடுக்கிற மாத்திரைதான், ரெண்டு வருஷமா அதேதான். இருமல் இருக்காம், "அது குளிருக்கு"ங்கிறாங்க. சித்தப்பா மகன் கானாடுகாத்தான்ல இருந்து காரோட வர்றான். காலை மாத்திரை இன்னும் போடலை.

அவசரசிகிச்சை_டாக்டர்:

நல்லது. இன்னைக்கு எனலாப்ரிலைக் கொடுக்காதீங்க. டாக்டர் பார்க்காம இனி அது ஒருவேளை கூட வேண்டாம். அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. வீட்டுக்கே மாத்திரை தர்ற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்துல வாங்குறவங்க கையில அந்தக் குறிப்பு அட்டையும் இருக்கும், அதையும். போனதும் முதல் வாக்கியமா, "எனலாப்ரில் சாப்பிடுறாங்க, உதடு வீங்கியிருக்கு, ரெண்டாவது தடவை"ன்னு சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா அங்கேயும் நண்டுக் குழம்புக் கதையிலதான் ஆரம்பிக்கும்.

போற வழியிலேயோ அங்கேயோ மூச்சுத் திணறல் வந்து, இது மாத்திரையாலதானா அலர்ஜியான்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னா அட்ரினலின் ஊசி போடுவாங்க. அதைத் தடுக்காதீங்க. அலர்ஜியா இருந்தா உயிரைக் காப்பாத்துற மருந்து அது ஒண்ணுதான்.

நண்டு விஷயம். இறால், நண்டு, முந்திரி, வேர்க்கடலை, முட்டை மாதிரி உணவு அலர்ஜின்னா பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். உள்ளங்கை அரிக்கும், உடம்புல தடிப்பு தடிப்பா எழும்பும், வயித்தைப் புரட்டும், இமையும் உதடும் சேர்ந்து வீங்கும். மதியச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலையில அரிப்பே இல்லாம உதடு மட்டும் வீங்குறது நண்டு வேலை இல்லை. ஐம்பது வருஷமா நண்டு சாப்பிட்ட ஆத்தாவை இனிமே அதைத் தொடாதேன்னு சொல்லிடாதீங்க.

உண்மையான அலர்ஜியில முகவீக்கத்தோட மூச்சிரைப்பு, தலைசுத்தல், விடாத வாந்தி இதுல ஒண்ணு சேர்ந்தாலே அட்ரினலின். பெரியவங்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கச் சதையில. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. கணக்கு. சரியாகலைன்னா ஐந்து நிமிஷம் கழிச்சுத் திரும்பப் போடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இது இருக்கும், மதுரை வரைக்கும் ஓட வேண்டாம். மயக்கம் வர்ற மாதிரி இருந்தா படுக்க வச்சுக் காலைத் தூக்கி வைக்கணும், எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. திடீர்னு நிமிர்த்தினா ரத்த அழுத்தம் சட்டுன்னு விழும். மூச்சுத் திணறல்தான் பெருசுன்னா உட்கார்ந்தே இருக்கட்டும். ஊசிக்குப் பிறகு சரியாயிடுச்சுன்னு உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வரவும் கூடாது. சில மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரலாம், அங்கேயே வச்சுப் பார்க்கணும்.

கதண்டு (விஷக் குளவி) கொட்டினதுக்கும் இதே கணக்குதான், கூட ஒண்ணு. பனை மரத்துக் கூடு கலைஞ்சு ஒருத்தருக்குப் பத்திருபது கொட்டு விழுந்திருந்தா, ஆள் நல்லா நடமாடினாலும் ஆஸ்பத்திரியில காட்டணும். விஷம் தசையைச் சிதைச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிறுநீர் கறுத்துப் போறது அதோட அறிகுறி.

பல்_மருத்துவர்:

பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதற்குப் பதில். பல்லால் முகம் வீங்குவது இந்தப் பக்கத்தில் மிகச் சாதாரணம், ஆனால் அது வலியோடு வரும். வீக்கத்துக்கு முன் சில நாட்களாவது ஒரு பல் கடிக்கும்போது உறுத்தியிருக்கும், சூடு பட்டால் தெறித்திருக்கும். தொட்டால் தோல் சூடாக, கெட்டியாக இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் ஒரு சொத்தைப் பல்லோ, ஈறில் ஒரு கொப்புளமோ கண்ணில் படும். ஆத்தாவுக்கு வலியே இல்லை என்கிறீர்கள்.

ஒத்தடம் பற்றி: பல்லின் சீழ் உள்ளே இருக்கும்போது கன்னத்துக்கு வெளியே சூடு கொடுக்கவே கூடாது. சீழ் வாய்ப்பக்கம் உடைவதற்குப் பதில் தோல்பக்கம் வழி தேடும். அப்படி உடைந்தால் தாடையில் ஆறாத துளையும் தழும்பும் நிற்கும். வாய்க்குள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் மட்டும் போதும்: ஒரு டம்ளருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கிராம்பு எண்ணெயை நேரடியாக ஈறில் ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பதும் அப்படியே.

இன்னொரு தொல்லை, மருந்துக்கடையில் வாங்கும் இரண்டு நாள் ஆன்டிபயாடிக். வீக்கம் வற்றும், வலி நிற்கும், சீழின் மூலம் பல்லுக்குள்ளேயே இருக்கும். செத்துப்போன பல்நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. பல்லைத் திறந்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். சீழ் கட்டியிருந்தால் கீறி விட வேண்டும். மாத்திரை அதற்குத் துணை மட்டுமே. சர்க்கரை இருப்பவர்களுக்கு வீக்கம் வேகமாகப் பரவும், சர்க்கரையும் ஏறும். அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

பல் வீக்கத்தில் நாளைக்கு என்று தள்ளக் கூடாதவை இரண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்நுனி தாடையின் உள்பக்கத் தசைக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே சீழ் பிடித்தால் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் போகும். தாடைக்கு அடியில் இருபக்கமும் பலகை மாதிரி இறுகி, நாக்கு மேலே தள்ளி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல், எச்சில் வழிந்தால் அது லுட்விக் ஆஞ்சைனா. பல் கிளினிக்குக்கு வரவே வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டாவது, மேல் கோரைப்பல் சீழ் மூக்கோரமாக ஏறிக் கண்ணை மூடுவது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியின் ரத்தம் மண்டைக்குள் போகும் நாளங்களோடு இணைப்புள்ளது. அந்த இடத்துப் பருவையும் பிதுக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

அவசரம் இல்லாத பல் வேலைக்குக் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

கண்டனூர்_அம்மா:

இதே திரியில கேட்டுக்கிறேன். என் மகனுக்கு ஆறு வயசு. நாலு நாளா காலையில எந்திரிக்கும்போது ரெண்டு கண் இமையும் வீங்கியிருக்கு, மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் வத்திடுது. மாமியார், கொசு கடிச்சிருக்கும், இல்லேன்னா நீர்முள்ளிக் கஷாயம் வச்சுக் குடு, நீர் இறங்கிடும்ங்கிறாங்க. போன மாசம் காலெல்லாம் சிரங்கு வந்து ஆறுச்சு. இது அவசரமா?

சிறுநீரகப்பிரிவு_செவிலியர்:

ஆமாங்க, இன்றைக்கே காட்ட வேண்டியதுதான். கொசுக்கடி ஒரு இமையில் அரிப்போடு வரும், ஒரு நாளில் போகும். இரண்டு இமையும், காலையில் அதிகமாக, நாள் கணக்கில் வந்தால் முதலில் சிறுநீரைப் பார்க்க வேண்டும்.

சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பால் விடாத டீ நிறமாக, அளவும் குறைந்து போனால், சிரங்குக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். சிரங்குக்கு மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் இது தலைகாட்டும். தொண்டைப் புண்ணுக்குப் பின் என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரம். இதில் பயப்பட வேண்டியது வீக்கத்தைவிட ரத்த அழுத்தம்தான். குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல், வலிப்பு வந்தால் அழுத்தம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். சிறிய கைப்பட்டை வைத்து பிபி பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும்.

நிறம் சாதாரணமாக இருந்து, நுரை மட்டும் கிண்ணத்தில் அடங்காமல் நின்றால் புரதம் ஒழுகுகிறது, அதாவது நெஃப்ரோடிக். வயிறும் விதைப்பையும் வீங்கும், எடை சில நாளில் ஏறும். காலைச் சிறுநீரில் அல்புமின் (புரதம்) பார்க்கும் குச்சி, ரத்தத்தில் அல்புமின், கிரியாட்டினின், கொலஸ்ட்ரால். இவ்வளவும் காரைக்குடியிலேயே பார்க்கலாம். குச்சியில் மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்று வந்தால் குழந்தை மருத்துவர் ஸ்டீராய்டு தொடங்குவார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதிலேயே அடங்கும். காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால் காத்திருக்க வேண்டாம்.

நீர்முள்ளி நீரை இறக்கலாம், புரதம் ஒழுகுவதையோ அழுத்தத்தையோ அது நிறுத்தாது. இமை வற்றிவிட்டது என்று பரிசோதனை தள்ளிப்போவதுதான் நஷ்டம். முடிவு வரும் வரை உப்பைக் குறையுங்கள், அப்பளம், ஊறுகாய், வடகம் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் இதே காலை இமைவீக்கமும் நுரையும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைதான் முதலில். சிவப்பழகு க்ரீம் பூசுகிறவர்கள் அதைச் சொல்லத் தயங்குவார்கள், கட்டாயம் சொல்லுங்கள். பாதரசம் கலந்த க்ரீமால் நெஃப்ரோடிக் வந்ததைக் கேரளத்தில் 2023ல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் முகமும் கையும் திடீரென வீங்கி, பிபி 140/90 தொட்டால், "புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்று விட வேண்டாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் அது இரவானாலும் போக வேண்டியது.

மருந்தாளுநர்_தேவகோட்டை:

விட்டுப்போனவை சில. சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கடியில் புடைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் உமிழ்நீர்க் குழாயில் கல். புளிப்பு வாயில் பட்டதும் வலிக்கும். காய்ச்சலோடு காதுக்கு முன்னும் கீழும் வீங்கி, காதுமடல் மேலே தூக்கினால் பொன்னுக்கு வீங்கி. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உண்டு, இதற்கு இல்லை. வீங்கிய நாளிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு மட்டும் பூசாதீர்கள், தோல் வெந்துபோகிறது. விதை வலி, கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால் டாக்டர்.

தலைச்சாயம் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ நெற்றி, காது, இமை அரித்து வீங்கினால் சாயம்தான். முடியை நன்றாக அலசி, அந்தச் சாயத்தை அதோடு விட்டுவிட வேண்டும். அடுத்த முறை இன்னும் மோசமாக வரும்.

முட்டிவலிக்குப் பெயரில்லாத பொட்டலப் பொடி, உருண்டை சாப்பிட்டு மாதக்கணக்கில் முகம் வட்டமாக உப்பினால், அதில் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. உடம்பு தானே சுரப்பதை நிறுத்தியிருக்கும், மயங்கி விழுவார்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் போய் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முகம் உப்பி, குரல் கரகரத்து, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்றால் தைராய்டு, ரத்தத்தில் டிஎஸ்ஹெச் அளவு பாருங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஒரு பக்க முகம் வலித்து வீங்கி, மரத்து, மூக்கிலிருந்து கறுப்பாக ஏதாவது வந்தால் கறுப்புப் பூஞ்சை. 2021ல் பார்த்ததுதான், இப்போதும் வருகிறது. கண் சிவந்து வீங்கி, அசைக்க வலித்து, முழி வெளியே தள்ளினாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அதுவும் அன்றைக்கே.

பள்ளத்தூரான்:

காரைக்குடியில சேர்த்தாச்சு. எனலாப்ரில்தான்னு அங்கேயும் சொல்லி நிறுத்திட்டாங்க, ராத்திரி வச்சுப் பார்க்கிறாங்க. உதடு இன்னும் பரவலை. பிபி 150/90 இருக்கு. ஒரு சந்தேகம்: இதே மாத்திரையைக் குறைஞ்ச அளவுல திரும்ப ஆரம்பிக்கலாமா, 2.5 மி.கி. மாதிரி? ஆத்தா, "அதுதான் எனக்கு ஒத்துக்கிச்சு"ங்கிறாங்க.

அவசரசிகிச்சை_டாக்டர்:

கூடாது. அளவைக் குறைச்சாலும், அதே வகையில வேற பேருக்கு மாத்தினாலும் வரும். அடுத்த தடவை உதட்டோட நிக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வழக்கமா அம்லோடிபின் மாதிரி வேற வகைக்கு மாத்துவாங்க. அதுல கணுக்கால் வீங்கலாம், அது இந்த வீக்கம் இல்லை, பயப்பட வேண்டாம், டாக்டர்கிட்ட சொன்னாப் போதும். டெல்மிசார்டான் வகையில ஆபத்து ரொம்பக் குறைவு, ஆனா முழுசா இல்லைன்னு சொல்ல முடியாது, அதை டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும். 150/90க்கு அவசர ஊசி எதுவும் தேவையில்லை.

எனலாப்ரிலை நிறுத்தினதுக்கு அப்புறமும் சில வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை லேசா வரலாம். வந்தா இதே நாக்கு, எண்ணுறது, விழுங்குறது பார்த்துட்டு, ஒண்ணு சரியில்லைன்னாலும் 108. அதுவரைக்கும் ராத்திரி துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும்.

வீட்டுல மிச்சமிருக்கிற எனலாப்ரில் அட்டைகளைச் சித்தப்பா மகனை விட்டு எடுத்துடச் சொல்லுங்க. அடுத்த மாசம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவர்றவங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிடணும், இல்லேன்னா பழைய பட்டியல்படி அதே அட்டை திரும்ப வரும். "எனலாப்ரில், ராமிப்ரில் வகை கூடாது, முகவீக்கம்"னு டிஸ்சார்ஜ் சீட்டுல பெருசா எழுதி வாங்கி, அதை போட்டோ எடுத்து ஆத்தா போன்லயும் உங்க போன்லயும் வச்சுக்கோங்க.